பதினான்காம் ஆளின் விரல்

ஜூன் 12, வியாழன்

காலை 6.40. எண்ணிக்கை 23.

கட்டுரை இணையத்தில் வந்து பதினாலு மாசம். திறந்து பார்த்தது 23 முறை. அதில் பத்துக்குக் குறையாமல் நானே. மேற்கோள் காட்டியவர் ஒருவர். அதுவும் நான்தான், என் இரண்டாவது கட்டுரையில்.

சாரல். துவைத்த சட்டை எதுவும் காயவில்லை.

உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பம், 20-ம் தேதிக்குள். குறைந்தது இரண்டு கட்டுரை வேண்டும். என்னிடம் சரியாக இரண்டு. மெக்கானிக்கல் முடித்துவிட்டு சமூகவியலுக்கு வந்தவனுக்கு இது போதும் என்று நினைத்திருந்தேன். கைடு மேடம் நேற்று: "ரெண்டு இருக்குப்பா. யாராச்சும் படிச்சாங்களான்னு கேட்டா என்ன சொல்லுவே?"

மாலை: இன்று முழுக்க வாய் திறந்து பேசியது ஒரே வார்த்தை. மெஸ்ஸில், "சட்னி."

ஜூன் 14, சனி

61!!

ரெஃப்ரெஷ். 63. திறந்தவர்கள் இருக்கும் ஊரும் காட்டுகிறது: மேட்டுப்பாளையம். நான் களப்பணி செய்த இடமே. பாக்கு உரிக்கும் ஷெட்டுகளில் முப்பது பேரிடம் பேசி எழுதியது. மற்றவர்களுக்கு எவர்சில்வர் டம்ளரில் டீ, உரிக்கும் பெண்களுக்கு மட்டும் பேப்பர் கப். கேட்டால் சுத்தம் என்பார்கள். சாதி பார்த்து வைத்த பழைய தனி டம்ளர்தான், தூக்கிப்போடுகிற மாதிரி வந்திருக்கிறது.

சொல்ல ஆள் இல்லை. மெஸ்காரரிடம் சொன்னேன்.

"அறுபத்துமூணுங்களா? எத்தனை விக்கெட்டுங்க?"

ஜூன் 15, ஞாயிறு

காலை 118. பதினொன்றரைக்கு போன். 14. (கட்டுரையில் அவர் பதினான்காம் ஆள். பேர் இங்கேயும் எழுத மாட்டேன்.)

"ஏனுங்க தம்பி, நல்லா இருக்கீங்களா? எங்களைப் பத்தி எழுதிப்போட்டீங்களாமா?"

பெருமையாக ஆமாம் என்றேன். மடையன்.

ஷெட் ஓனர் மகன் எம்.பி.ஏ. படிக்கிறான். அவன் கண்ணில் பட்டு, லிங்க்கை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறான். சொன்னது யார் என்று கண்டுபிடிக்கத்தான் அத்தனை பேரும் திறந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து 14-ஐ வேலைக்குக் கூப்பிடவில்லை.

"பேரை மாத்திட்டேனே அக்கா. ஊர்ப் பேரும் போடலை."

"பேரை மாத்துனீங்க, சரிங்க. விரலை மாத்தலையேங்க."

பக்கம் 11. இடது ஆள்காட்டி விரல் நுனி கத்தியில் போனவர், இரண்டு பெண் பிள்ளைகள். விவரம் போதாது என்று ஆய்விதழின் மதிப்பாய்வாளர் கேட்டார். அளந்து கொடுத்தேன்.

மேலே 61-க்கு இரண்டு ஆச்சரியக்குறி போட்டிருக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

இதழுக்கு மெயில். ஒரு மணி நேரத்தில் பதில்: வெளியான கட்டுரையில் வரி மாற்ற முடியாது. வேண்டுமானால் முழுதாகத் திரும்பப் பெறலாம்.

மேடம்: "இருபதாம் தேதி வரைக்கும் பொறுப்பா. நாலு நாள்தானே. விண்ணப்பத்தை அனுப்பிட்டு அப்புறம் எடு."

நாலு நாள். எனக்கு நாலு நாள்தான்.

மேட்டுப்பாளையம் பஸ். நின்றுகொண்டே. வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லி 14 பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். டீ, பேப்பர் கப்பில். இரண்டு பேரும் கப்பைப் பார்த்தோம். "இங்க எல்லாத்துக்கும் இதேதானுங்க" என்று அவர்தான் முதலில் சிரித்தார்.

எடுத்தாலும் படித்தவர்கள் படித்ததுதானே என்றேன்.

"இருக்கட்டுமுங்க. லிங்க்கு திறக்கலைன்னா, எங்க இருக்குது காட்டுங்கன்னு நான் கேட்டுக்குவேன்." கப்பைக் கசக்கிப் போட்டுவிட்டு: "கப்பைப் பத்தி எழுதுனது நெசந்தானுங்க தம்பி. அது போறதுதான் சங்கடமா இருக்குது."

பதினாலு மாசத்தில், கட்டுரையில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி என்னிடம் பேசிய முதல் ஆள்.

ஜூன் 17, செவ்வாய்

காலை 7.05. சாரல் நின்றிருக்கிறது.

1. ஒன்பதுக்குள் இதழுக்கு மெயில்: முழுதும் எடுங்கள். காரணம், என் தவறு. 'தொழில்நுட்பக் காரணம்' என்று எழுதக் கூடாது.

2. விண்ணப்பம் இல்லை. ஒரு கட்டுரையை வைத்துக்கொண்டு அனுப்ப முடியாது. மேடத்திடம் நேரில் சொல்.

3. முப்பது பேர் குறிப்பையும் மறுபடி படி; இன்னும் யார் யாரைக் காட்டிக்கொடுத்திருக்கிறாய் என்று பார். 9-ம் ஆள் காது மெஷின். 21-ம் ஆள் இரட்டைப் பிள்ளை.

4. பக்கத்துக் காரமடை ஷெட்டுகளில் உரிக்க ஆள் வேண்டுமா என்று 14-க்காகப் போய்க் கேள். நீ யார் என்று சொல்லாதே.

5. லிங்க் திறக்கவில்லை என்று பார்த்த பிறகு 14-க்கு போன். அதற்கு முன் வேண்டாம்.

6. எண்ணிக்கையைப் பார்க்கக் கூடாது. (204.)