நின்றுபோன படம்

குன்னூர். செவ்வாய், இரவு.

கப்பலில் வேலை பார்க்கும் மகன் சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டான். பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுத் தந்ததும் அவன்தான். மலையை மூடி மிஸ்ட் இறங்கியிருந்தும் நெட் ஒழுங்காக இருந்தது, குரல் தெளிவாகக் கேட்டது. படம் மட்டும் விக்கி விக்கி வந்து, அவன் சிரித்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டது. பேச்சும் அறுந்துவிட்டது.

படம் இப்படி விக்குகிறதே என்று, திரையை ஓட்டும் கிராபிக்ஸ் டிரைவரைப் போன வாரமே மாற்றிப் பார்த்தேன், பழையதையே திரும்பவும் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. இப்போது மவுஸ்கூட நகரவில்லை. பட்டனை அழுத்தி அணைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியாது. கை வைத்தேன்.

"ஏனுங்க, அணைக்காதீங்க. இப்பத்தான் அவன் மூஞ்சிய நல்லாப் பாக்கறேன்" என்றாள் என் மனைவி மேரி.

பேட்டரி தீர இருந்தது. சார்ஜரைச் சொருகிவிட்டு வந்தேன்.