தங்கூசித் தந்திகள்

1974 மார்ச் 5, செவ்வாய்

இன்றும் தையல் வகுப்பு. முப்பத்தொரு பிள்ளைகள், முப்பத்தொரு ஊசி. என் குரல் பின்வரிசை வாங்கு வரை எட்டவில்லை என்று அதிபர் சங்கீத பாடத்தை வேறொருவரிடம் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. அவரைக் குறை சொல்ல ஏலாது. ஒக்டோபரில் கொழும்பில் என் கழுத்துக் கழலையை வெட்டி எடுத்தார்கள். அதோடு மேல் குரலும் போய்விட்டது. ஐந்து கட்டையில் நின்று பாடியவள் நான். இப்போது மூன்றில்தான் குரல் நிற்கிறது. அதற்கு மேலே போனால் வெறும் காற்று.

பின்னேரம் தூசி தட்டும்போது அலுமாரிக்கு மேலே கிடந்த கிற்றாரை இறக்கினேன். என் வீட்டுக்காரருடையது. சீனன்குடா எண்ணெய்த் தாங்கியடியில் இவரோடு வேலை செய்த பறங்கி நண்பர் ஒருவர் அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது கொடுத்தது. கனகசுந்தரத்தின் இசைக்குழுவில் எட்டு வருடம் நான் பாட இவர் வாசித்தார். நான் ஆஸ்பத்திரியால் வந்தபோது கிற்றார் உறைக்குள் போய் அலுமாரிக்கு மேல் ஏறியிருந்தது. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

தந்திகளில் துரு. ஒன்றைத் தட்டினேன். சத்தம் குசினிச் சுவர் வரை ஓடிப்போய்த் திரும்பி வந்தது.

மார்ச் 9, சனி

வேலியடியில் ஒரு மான் நின்று என்னைப் பார்த்தது, நானும் பார்த்தேன், இருவருக்கும் அவசரமில்லை.

மார்ச் 17, ஞாயிறு

இவருக்குப் பகல் வேலை. மத்தியானம் யன்னலடியில் கிற்றாரோடு இருந்தேன். லிங்கநகர் மேட்டிலிருந்து பார்த்தால் உட்துறைமுகம் ஒரு தட்டில் ஊற்றி வைத்த தண்ணீர் போலக் கிடக்கிறது. இரண்டு கப்பல்கள், அசையவில்லை. வெயிலில் அவை தண்ணீருக்குச் சற்று மேலே மிதப்பது போலவும் இருந்தது.

எட்டு வருடம் பக்கத்தில் நின்று இவருடைய இடதுகையைப் பார்த்திருக்கிறேன். மூன்று பிடிகள் என் கண்ணில் அப்படியே இருக்கின்றன. விரல்களை அந்த இடங்களில் வைத்தேன். உருக்குக் கம்பி வெட்டுகிறது. அழுத்தினால் நோகிறது, அழுத்தாவிட்டால் சத்தம் செத்துப்போகிறது. கால் மணித்தியாலத்தில் மூன்று விரல் நுனியும் சிவந்து, கம்பியின் தடம் பள்ளமாக விழுந்துவிட்டது.

பிறகு மெல்லப் பாடிப் பார்த்தேன். ஒக்டோபருக்குப் பிறகு முதல் தடவை. கம்பியின் பளபளப்பு எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. என் குரல் அதற்கு அடியில் எங்கோ, நீருக்குள் பேசுகிறவள் மாதிரி.

மார்ச் 24, ஞாயிறு

பிழை செய்துவிட்டேன்.

நான் மேலே போக ஏலாது என்றால் கிற்றார் கீழே வரட்டும் என்று ஆறு கம்பிகளையும் மூன்று அரைச்சுரம் தளர்த்தினேன். எனக்குத் தெரிந்த மூன்று பிடிகளையும் அப்படியே பிடிக்கலாம், சுருதி என்னிடம் இறங்கி வந்துவிடும். யோசனை நல்லதுதான். ஆனால் இழுவை குறைந்ததும் கம்பி உடுப்புக் காயப்போடுகிற கொடி மாதிரித் தொய்ந்து, பிடித்த இடமெல்லாம் மரத்தில் அடித்துச் சடசடத்தது. சரி, பழையபடி விடுவோம் என்று முறுக்கினேன். முதலாம் கம்பி அறுந்து கன்னத்தில் பட்டது.

உறைக்குள் போட்டு மேலே வைத்துவிட்டேன். இவர் வந்து தேத்தண்ணி குடித்தார். கன்னத்தில் என்ன என்று கேட்டார். முள்ளுக் கீறினது என்றேன். ஏன் பொய் சொன்னேன்?

மார்ச் 26, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் றம்லாவிடம் சொன்னேன். அவள் நான்காம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பிக்கிறவள். கேட்ட கதையை யாரிடமும் காவமாட்டாள். பள்ளி விட்டதும் இருவரும் கடைத்தெருவுக்குப் போனோம். வாத்தியக் கடைக்காரர் சிரித்தார். "கிற்றார்க் கம்பி வந்து இரண்டு வருசம், ரீச்சர். இறக்குமதி இல்லையே. சில பொடியள் சைக்கிள் பிறேக் கம்பியைப் பிரிச்சுப் போடுறாங்கள். சத்தம் வரும், விரல் மிஞ்சாது."

வரும் வழியில் றம்லா சொன்னாள்: "உங்களுக்கு வேண்டியது கம்பிதானா? விரலுக்கு மெதுவான ஏதாவது எண்டா சரிதானே? எங்கட வீட்டுக்காரர்ட கேட்டுப் பார்ப்பம். அவரு நாள் முழுக்கக் கம்பி சுத்துறதுதானே வேலை."

ஏப்ரல் 6, சனி

றம்லாவின் கணவர் அபூதாஹிர் நானா எரிந்துபோன மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி சுற்றிக் கொடுக்கிறவர். துறைமுக வீதியில் சின்னக் கடை. கதவைத் திறந்தால் வார்னிஷ் மணமும் கடல் மணமும் சேர்ந்து வருகிறது. கிற்றாரைப் படுக்கவைத்து நெடுநேரம் பார்த்தார். கிற்றார் வாசித்தவர் இல்லை. ஆனால் இழுவை என்றால் என்ன என்று தெரிந்தவர்.

"மேல் மூண்டுக்கும் தங்கூசி போடலாம் ரீச்சர். தூண்டிலுக்குப் போடுற நைலோன் நரம்புதான், மூண்டு தடிப்பில. கீழ் மூண்டுக்கும் அது சரிவராது. அவ்வளவு கீழ இறங்கிறதுக்குப் பாரம் வேணும். பாரத்துக்காக மொத்தமாப் போட்டா வளையாது, வளையாட்டிப் பாடாது."

"அப்ப?"

"உள்ளுக்கு மெல்லிசா, வெளியில பாரமா. வலை பின்னுற நைலோன் நூலை வைச்சு, மேல செப்புக் கம்பியைச் சுத்துவம்."

இரண்டு கொக்கிகளுக்கு நடுவே நூலை விறைக்க இழுத்து, கைப்பிடியைச் சுழற்றிச் சுற்றினார். முதலாவது தடித்துப்போய், உடைந்த பானையைத் தட்டின மாதிரி 'டொக்' என்றது. அதைக் கழற்றி, தலைமுடி போல மெல்லிய கம்பியை எடுத்தார். சுற்றிய தந்தி வெயிலில் சிவப்பாய் மின்னியது. காது வைத்துக் கேட்டார். பிறகு என்னைக் கேட்கச் சொன்னார். நான் இன்னொரு தரம் தட்டிக் கேட்டேன். அவர் மற்ற இரண்டையும் சுற்றத் தொடங்கினார்.

ஏப்ரல் 8, திங்கள்

எல்லாம் போட்டாகிவிட்டது. நுனியில் தடித்த முடிச்சுப் போட்டால்தான் தங்கூசி துளைக்குள்ளிருந்து நழுவாமல் நிற்கிறது. ஒரு முறை சுருதி கூட்டி, உலை வைத்துவிட்டு வந்து பார்த்தால் கீழே இறங்கிவிட்டது. திரும்பக் கூட்டினேன். திரும்ப இறங்கியது. இழுபடுகிற சாமான். நாலைந்து நாள் பொறுக்க வேண்டுமாம்.

ஏப்ரல் 11, வியாழன்

கனவு. துறைமுகத்தின் அடித்தரையில் நடக்கிறேன். மேலே கப்பல்களின் வயிறுகள் மெல்லப் போகின்றன. யாரோ கூப்பிடுகிறார்கள், என் பேரைச் சொல்லி, தாழ்ந்த குரலில். விழித்த பிறகுதான் தெரிந்தது, அது என் குரல்.

ஏப்ரல் 14, ஞாயிறு — வருடப்பிறப்பு

கைவிசேடக் காசு கொடுத்து முடிந்ததும் இவர் கனகசுந்தரம் வீட்டுக்குப் போனார். நான் கிற்றாரை எடுத்தேன். இன்றைக்குச் சுருதி நின்றது! மூன்று கட்டையில் நின்றது. விரலுக்கு அடியில் தந்தி மென்மையாக இருந்தது. சத்தம் சின்னது, உருக்கில் பாதிகூட வராது, சில இடத்தில் கொரகொரப்பு. தட்டியதும் பாயாமல், கொஞ்சம் தாமதித்து, வட்டமாக எழும்புகிறது. அதற்கு மேல் என் குரலை வைத்தேன். மூழ்கவில்லை.

நிமிர்ந்தால் இவர் வாசலில். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"கம்பி எங்க?"

"ஒண்டு அறுந்துபோச்சு. மற்றதை நான்தான் கழட்டினனான்."

அறைக்குள் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். ஒரு கடதாசிப் பொதி. உள்ளே புத்தம் புது உருக்குக் கம்பிகள், ஆறு.

"கப்பலில வந்த ஒருத்தனிட்ட வாங்கினனான், நீர் ஆஸ்பத்திரியில கிடக்கேக்க. நீர் வந்து பாடேக்க புதுசு போடுவம் எண்டு." பொதியை நீட்டினார். "போடுவமே?"

அந்தப் பொதியை அத்தனை மாதமும் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். நான் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஓம் என்றேன்.

ஏப்ரல் 15, திங்கள்

போட்டார். உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாக இருந்தது. விளக்கிய வெண்கலக் குடத்தில் வெயில் பட்ட மாதிரி. இவருடைய கை பழைய இடங்களுக்குத் தானாகப் போனது. எனக்குக் கண் கலங்கியது.

பிறகு கம்பிகளின் முறுக்கைத் தொடாமல், பிடியை மாற்றி எனக்காக மூன்று கட்டைக்கு வந்தார். பாடினேன். பெருவிரலால் மட்டும் மெல்லத் தடவிப் பார்த்தார். அப்போதும் கம்பி தன் மினுக்கத்தை விடவில்லை. பாதியில் கையை வைத்து நிறுத்தினார்.

"உம்மட குரல் கேக்கேல்ல, தங்கம். கம்பிதான் கேக்குது."

எனக்கு என்ன வந்ததோ. "ஆறு மாசமா கேக்கேல்லத்தானே" — சொல்லிவிட்டேன். "செத்தவீட்டுச் சாமான் மாதிரிக் கிற்றாரைக் கட்டி மேல வைச்சனீங்கள். றேடியோவில பாட்டு வந்தா எழும்பிப் போய் நிப்பாட்டுறீங்கள். நான் இஞ்சதானே இருக்கிறன். எந்தக் குரலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறீங்கள்? அவள் வரமாட்டாள்."

இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஏப்ரல் 17, புதன்

சோறு போட்டேன், சாப்பிட்டார். காற்று மாறுகிற காலம். கடல் காலையில் கண்ணாடி, பின்னேரம் சுருக்கம்.

நான் சொன்னது பிழையா? சொன்ன விதம் பிழை. சொன்னது பிழையில்லை.

ஏப்ரல் 20, சனி

றம்லா வீட்டுக்குப் போய் மத்தியானம் திரும்பினேன். இவர் விறாந்தையில் கால் நீட்டி இருந்தார். மடியில் கிற்றார், வாயில் ஒரு தங்கூசித் துண்டு. பக்கத்தில் அரமும் மணல்தாளும்.

"இந்தச் சனியன் முடிச்சை எப்பிடிப் போட்டனீர்? மூண்டு தரம் நழுவிப் போச்சு."

பக்கத்தில் இருந்து முடிந்து காட்டினேன். தந்திகள் தலைப்பக்கத்துக் கட்டையின் வெட்டுக்குள் சரியாக இறங்கி உட்காருவதற்கு, ஒவ்வொரு வெட்டையும் தங்கூசியின் தடிப்புக்கு அராவி அகலமாக்கியிருந்தார். தங்கூசி உருக்கை விட அகலமாக ஆடும், அதனால்தான் கீழே பட்டுக் கொரகொரத்ததாம். எனக்கு அது புரிந்திருக்கவில்லை. கீழ்க் கட்டைக்கு அடியில் ஒரு மெல்லிய மரச்சீவலைச் செருகித் தந்திகளை ஒரு நூல் அளவு உயர்த்தினார். கொரகொரப்பு நின்றது.

"உருக்குக் கம்பி?" என்று கேட்டேன்.

"கனகசுந்தரத்துக்குக் குடுத்திட்டன். அவரிட குழுப் பொடியன் கம்பி ஒண்டும் இல்லாமல் இருக்கிறான்."

வாசிக்கத் தொடங்கி, முகத்தைச் சுளித்தார். "இடியப்பத்தைப் பிடிச்ச மாதிரிக் கிடக்கு." நான் சிரித்துவிட்டேன். இவரும்.

பிறகு, கிற்றாரைப் பார்த்தபடி: "றேடியோவை நிப்பாட்டினது உமக்கு நோகும் எண்டுதான். கேட்டிருக்கலாம் நான்."

நானும் கேட்டிருக்கலாம்.

யூன் 9, ஞாயிறு

சோளகக் காற்று வீசுகிறது. யன்னலைச் சாத்தாவிட்டால் தந்திகள் தாமாகவே முனகுகின்றன. பத்து நாளைக்கு ஒருமுறை அபூதாஹிர் நானா வந்து நான்காம் தந்தியைக் கழற்றிக்கொண்டு போகிறார். செப்பு தேய்ந்து பிரிகிறது. பழைய மாதிரிக் கையை வீசி வாசித்தால் தங்கூசி பதில் சொல்லாது என்று இவர் கண்டுபிடித்திருக்கிறார். ஒவ்வொரு தந்தியாக, விரல் சதையால், காத்திருந்து வாசிக்க வேண்டும். பாட்டுக்களே மாறிப்போயின. பழையவை சில இந்தச் சத்தத்தில் நிற்கவில்லை, விட்டுவிட்டோம். நான் புதிதாக இரண்டு எழுதினேன். மூன்று கட்டைக்கு என்றே எழுதியவை.

றம்லா கேட்டுவிட்டுச் சொன்னாள்: "பக்கத்தில இருந்து கதைக்கிற மாதிரி இருக்கு."

ஒக்டோபர் 19, சனி

ஒரு வருடம். கழுத்துத் தழும்பு வெளுத்துவிட்டது.

1975 ஜனவரி 23, வியாழன்

கொழும்பு டொக்டரிடமிருந்து கடிதம். வந்து காட்ட வேண்டும். இன்னொரு சின்ன ஒப்பரேசன் செய்தால் மேல் குரல் திரும்பக்கூடும், நிச்சயமில்லை, பத்து நாள் நிற்க ஆயத்தமாக வரவும் என்று எழுதியிருக்கிறார்.

இவர் இரண்டு முறை வாசித்தார். "உம்மட விருப்பம்" என்றார். உடனேயே லீவுக்கு எழுதி வைத்தார்.

என் விருப்பம் என்ன? பாலும் சீனியும் போலப் பாடின அந்தக் குரல் எனக்கு வேண்டாமா? வேண்டும் என்று சில நேரம் தொண்டை வரை வருகிறது. ஆனால் இவருக்கு என்ன விருப்பம்? அந்த முகத்தில் எனக்கு ஒன்றும் வாசிக்கக் கிடைக்கவில்லை.

பெப்ரவரி 18, செவ்வாய்

டொக்டர் நல்ல மனிதர். குழாய் வைத்துப் பார்த்தார், பாடிக் காட்டச் சொன்னார். நான் எழுதியதில் நாலு வரி பாடினேன். பேனையை வைத்துவிட்டுக் கேட்டார். ஒப்பரேசனால் கூடலாம், இப்போது உள்ளதும் குறையலாம், இரண்டுக்கும் சமமான இடம் இருக்கிறது என்றார்.

"வேண்டாம், டொக்டர்" என்றேன். சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே தெரிந்தது.

வெளியே மர வாங்கில் இவர் உடுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். சொன்னேன். தலையை ஆட்டினார். பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். ஒரு இரவு உறவினர் வீட்டில் தங்கி நாளைக்குப் பஸ்.

பெப்ரவரி 19, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். வழியில் நடந்ததை மட்டும் எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

ஹபரணை தாண்டும் வரை இவர் முன்னாலே றோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் ஒருபக்கக் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மனம் மாறினாரோ, ஏமாந்துபோனாரோ என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னும் எட்டு நாள் லீவு கிடக்கு" என்றார்.

"வேலைக்குத் திரும்புங்கோவன்."

"ஏலாது. சனிக்கிழமை கப்பல்துறையில ஒரு கலியாணவீடு. கனகசுந்தரத்தின்ர குழுதான். இடையில அரை மணித்தியாலம் நாங்கள் இரண்டு பேரும் மட்டும். தங்கூசிக் கிற்றாருக்கு மைக்கைக் கிட்ட வைக்க வேணும் எண்டு சொல்லிப்போட்டன்."

"எப்ப சொன்னனீங்கள்?"

யன்னலுக்கு வெளியே பார்த்தார். "போன மாசம். கடிதம் வந்த அண்டைக்கு." நான் டொக்டரிடம் வேண்டாம் என்று சொல்ல ஒரு மாதம் முந்தி.

கந்தளாய்க் குளம் வந்தது. தண்ணீர் நெடுந்தூரத்துக்கு எங்களோடு கூடவே வந்தது.