சோடியம் வெளிச்சத்தில் கறுத்த ரத்தம்

எங்கள் தெருவில் போன மாதம் மஞ்சள் விளக்குகளைக் கழற்றிவிட்டு வெள்ளை விளக்கு மாட்டினார்கள். அந்தி நேரம். ஒரு கம்பத்தில் புதிது எரிகிறது, அடுத்த கம்பத்தில் பழைய சோடியம் விளக்கு இன்னும் எரிகிறது. ஏணியிலிருந்து இறங்கிய ஆள் கட்டை விரலை உதறிக்கொண்டே நடந்து வந்தார். மஞ்சள் வெளிச்சத்தில் இருந்தவரை அவர் கையில் மை கொட்டியதுபோல் கறுப்பாக ஏதோ வழிந்தது. நாலடி தள்ளி வெள்ளை வெளிச்சத்துக்குள் வந்ததும் அது சிவப்பாகிவிட்டது. "கண்ணாடி கிழிச்சுப்போட்டுதுங்க, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். நான் அசையவில்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மனைவிதான் செம்போடு ஓடி வந்தாள்.

நீ இருந்திருந்தால் காரணம் சொல்லியிருப்பாய். சோடியம் வெளிச்சத்தில் மஞ்சளைத் தவிர வேறு நிறம் கிடையாது. சிவப்பாக இருப்பதெல்லாம் அதில் கறுத்துத்தான் தெரியும். பி.எஸ்சி. மூன்றாம் வருடம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்ததுதான். பரீட்சையில் கேட்டிருந்தால் நானும் எழுதியிருப்பேன். தெரிந்திருக்க வேண்டிய அந்த ஒரு நிமிடத்தில் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த வருடம் நமக்கு ஒளியியல், சார்பியல், குவாண்டம் என்று மூன்று தாள். வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு அடுத்து உன் பெயர். அதனால் ஆய்வகத்தில் நீ எனக்குக் கூட்டாளி. நான் காரமடையில் பஸ் ஏறுவேன், நீ பெரியநாயக்கன்பாளையத்தில் ஏறுவாய். எங்கள் வீட்டில் அடி என்பது பேச்சு மாதிரி. அப்பாவுக்குச் சாப்பாட்டில் உப்புக் குறைந்தாலும் அடிதான், எனக்கு மார்க் குறைந்தாலும் அடிதான். உங்கள் வீட்டிலோ கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். மற்ற நாளில் என்னை வாடா போடா என்பவன், கடுப்பானால் "ஏனுங், நீங்க செய்யறது நல்லா இருக்குதுங்ளா" என்று ஆரம்பிப்பாய். உன் வாயில் 'ங்க' வந்தால் நான் எச்சரிக்கையாகிவிடுவேன்.

வளையம் எண்ணும் பரிசோதனை உனக்கு நினைவிருக்கும். கண்ணாடித் தட்டின் மேல் வில்லையை வைத்து, சோடியம் விளக்கைப் போட்டு, மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்தால் கறுப்பும் மஞ்சளுமாக வட்டம் வட்டமாகத் தெரியும். திருகை ஒரே பக்கமாகத் திருப்பி ஒவ்வொரு வளையத்துக்கும் அளவு எடுக்க வேண்டும். கொஞ்சம் பின்னால் திருப்பினாலும் அளவு பொய்யாகிவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை? வர வேண்டிய விடை புத்தகத்திலேயே இருந்தது. அதிலிருந்து பின்பக்கமாகக் கணக்குப் போட்டு, அளவுகளை நாமே உண்டாக்கி எழுதிக்கொள்வது வகுப்பில் பாதிப் பேரின் வழக்கம். நானும் அப்படித்தான் எழுதினேன். மறுநாள் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வு கிடையாது. அரியர் விழுந்தால் மாட்டுக் கயிறு காத்திருக்கிறது என்று அப்பா சொல்லியே அனுப்பியிருந்தார்.

சோடியம் விளக்கு மட்டும் எரிந்த இருட்டறையில் நாம் இருவர்தான். நீ என் வரைபடத்தைப் பார்த்தாய். "ஒரு புள்ளிகூட கோட்டை உட்டு நகரலீங்களே. சாமியே வந்து வளையம் போட்டாலும் இப்படி வராதுங்க" என்றாய். கூட்டாளி என்பதற்காக இந்தப் பொய் அளவை உன் நோட்டிலும் எழுதிக்கொள்ள முடியாது என்று சொல்லி, பேனாவை எடுத்து என் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாய். மெதுவாக, கோணாமல் இழுத்தாய்.

நான் அடித்தேன். என் கையில் வெர்னியர் அளவுகோலின் பொடிக் கோடுகளைப் படிக்கிற பூதக்கண்ணாடி இருந்தது, பித்தளை வளையம் போட்டது. அது உன் இடப்புருவத்தில் பட்டது. நீ மேசைமேல் குனிந்தாய். என் ரெக்கார்டின் மேல் கறுப்பாகச் சொட்டியது. பேனா உன் கையிலேயே இருந்தது. எழுதியது மொத்தமும் பாழாகட்டும் என்று நீ மையை உதறுவதாக நினைத்தேன். "மையையா கொட்டறே" என்று கத்தி, உன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, இன்னொரு முறை அதே இடத்தில் அடித்தேன். நீ திருப்பி அடிக்கவில்லை. சத்தம் கேட்டு அட்டெண்டர் வந்து கறுப்புத் திரையை இழுத்தார். வெயில் உள்ளே வந்தது. ரெக்கார்டு, மேசை, என் கை, உன் சட்டை எல்லாம் சிவந்து கிடந்தன. நான் அதுவரை அப்படி ஒரு சிவப்பைப் பார்த்ததில்லை.

"கால் தடுக்கி மைக்ராஸ்கோப் மேல உழுந்துட்டனுங் சார்" என்று ஆசிரியரிடம் சொன்னாய். உன் அம்மாவிடமும் அதையேதான் சொன்னாய். இடது கண்ணில் பார்வை வராது என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலருகில் நான் அழுதேன். நீ அலுத்துக்கொண்டாய். "நெசத்தச் சொன்னா உங்கப்பன் உன்னைக் கொன்னுபோடுவாரு. ஒரு கண்ணுக்கு ஒரு உசுரு கட்டாது. அதுக்காக மன்னிச்சுட்டேன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க."

கூட்டாளியை மாற்றிக்கொள்ளச் சொல்லி ஆசிரியர் கேட்டபோதும் நீ மாற்றவில்லை. ஆனால் வகுப்பில் என்னை உன் வலப்பக்கத்தில்தான் உட்கார வைத்தாய். "இடப்பக்கம் உட்கார வெச்சா நீங்க என்ன பண்றீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களே" என்றாய். பெஞ்சில் எல்லாரும் சிரித்தார்கள், காரணம் தெரியாமல். சார்பியல் வகுப்பில் ஒரு நாள் ஆசிரியர் சொன்னார்: ஒரே இடத்தில் அடுத்தடுத்து நடக்கிற இரண்டு நிகழ்ச்சிகளின் வரிசை, எவ்வளவு வேகமாகப் போகிறவன் பார்த்தாலும் மாறாது. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். முதல் அடி ஆத்திரத்தில் விழுந்தது என்று எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். இரண்டாவதற்கு அப்படி ஒன்றும் இல்லை. ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தவனை அடித்தேன்.

ஒரே ஒரு தடவை நீ என் பக்கம் பேசினாய். குவாண்டம் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். பெட்டிக்குள் அடைத்த துகளின் அசைவு, எவ்வளவு குளிர வைத்தாலும் நிற்காது என்று ஒரு பாடம். "பாருடா, அடைச்சு வெச்சா துகள்கூடச் சும்மா இருக்கறதில்லை. உங்கூட்டுல இருந்துட்டு நீ மட்டும் எப்படி இருப்பே" என்றாய். அந்தத் தாளில் ஒற்றைக் கண்ணோடு என்னைவிட அதிகம் வாங்கினாய்.

பிறகு மோட்டார் பம்ப் செய்கிற ஒரு பட்டறையில் அளவு சரிபார்க்கிற வேலைக்குப் போனாய். மைக்ரோமீட்டருக்கு ஒரு கண் போதும் என்பாய். வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரு நாள் காந்திபுரத்தில் ரோட்டைத் தாண்ட நின்றபோது, என் தோளைப் பிடித்து உன் இடப்பக்கம் நகர்த்தினாய். "இந்தப் பக்கம் வா. வண்டி வந்தாச் சொல்லு." அவ்வளவுதான் சொன்னாய். அதற்குமேல் நான் எதையும் கேட்கவில்லை. அன்றிலிருந்து நாம் சேர்ந்து நடந்த இடமெல்லாம் இடப்பக்கம் என்னுடையது.

போன சித்திரையில் நீ தனியாக மொபெட்டில் போனாய். மேட்டுப்பாளையம் ரோட்டில், இடது சந்திலிருந்து லாரி வந்தது. பார்த்தவர்கள் சொன்னார்கள், நீ அந்தப் பக்கம் திரும்பவே இல்லையாம். நசுங்கிய உன்னைத் தார்ப்பாயில் அள்ளிக் கொண்டுவந்தார்கள். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு லேப்புல உழுகாம இருந்திருந்தா என்ற பையனுக்கு லாரி தெரிஞ்சிருக்கும் கண்ணு" என்று அழுதார்கள். நான் அவர்களைத் தேற்றினேன். அதை நினைத்தால் என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. நீ கட்டிய பொய்க்குள் இத்தனை வருடமும் சுகமாகக் குடியிருந்திருக்கிறேன்.

விளக்கு மாற்றிய அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன். "வா கண்ணு, உக்காரு" என்று சொல்லிவிட்டு அம்மா அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். பின்கணக்கு, நீ இழுத்த கோடு, முதல் அடி, மை என்று நினைத்தது, இரண்டாவது அடி. ஒன்றையும் விடவில்லை. அவர்கள் கை நிற்கவில்லை. முறத்திலிருந்த காய் முழுவதும் தீரும்வரை கிள்ளினார்கள். பிறகு நிமிர்ந்தார்கள்.

"எந்தக் கையிங்க?" என்று கேட்டார்கள்.

இருபது வருடத்துக்கு மேலாக என்னை வா, போ என்று கூப்பிட்டவர்கள். நான் வலது கையை நீட்டினேன். அதைச் சற்று நேரம் பார்த்தார்கள், தொடவில்லை. எழுந்து உள்ளே போனார்கள். அரிவாள்மனையோடு வந்தாலும் நான் உட்கார்ந்துதான் இருந்திருப்பேன். காப்பியோடு வந்தார்கள். பழக்கத்தில் வலது கையை நீட்டினேன். கொடுக்காமல் நின்றார்கள். டம்ளரில் ஆவி பறந்துகொண்டிருந்தது. எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இடது கையை நீட்டினேன், கொடுத்தார்கள்.

"குடிச்சுப்போட்டுப் போயிட்டு வாங்க" என்றார்கள்.

வாங்க என்று சொன்னதால் மறு ஞாயிறும் போனேன். அதற்கடுத்ததும் போனேன். மருந்து வாங்கித் தருகிறேன், சந்தைக்குப் போனால் அவர்களோடு ரோட்டைத் தாண்டுகிறேன். அவர்கள் இன்னும் என்னை நீங்க என்றுதான் சொல்கிறார்கள். காப்பியை இடது கையில்தான் வாங்கிக் குடிக்கிறேன்.