ஆலங்கட்டிக்கு ஒரு போர்வை

கொர்தோபா,
4 அக்டோபர் 1998

என் செல்ல மகள் நெலிதாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் பேத்தி அய்லெனும் சுகந்தானே? உன் அம்மா போன பிறகு நீ ஒரு வரி எழுதவில்லை. ரொசாரியோவில் தபால்பெட்டியையெல்லாம் பிடுங்கிவிட்டார்களா?

போன ஞாயிறு எங்கள் பழைய கார் கிளப் ஊர்வலத்தில் நம் டொரினோவுக்குத்தான் முதல் பரிசு. ஒரு திருகாணிகூட மாற்றாத வண்டி. இந்த நாட்டில், இந்த ஊரிலேயே செய்தது. அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் கையும் அதில் பட்டது. புவனோஸ் ஐரிஸ் பணக்காரன் ஒருவன் விலை கேட்டு விடாமல் போன் செய்கிறான். "பெத்த மகள விக்கச் சொல்றியா, போய்யா" என்று வைத்துவிட்டேன்.

ஆனால் கண் மங்கிவிட்டது. இனி ஓட்டக் கூடாது என்கிறார் டாக்டர். வண்டியை உன் பேருக்கு மாற்றி அனுப்பட்டுமா?

ஆயிரம் முத்தங்களுடன்,
அப்பா எவரிஸ்தோ


ரொசாரியோ,
15 அக்டோபர்

அப்பா,

சுகம்தான். வண்டி வேண்டாம்.

அந்த ஆலங்கட்டி மழையை நீங்கள் மறந்திருக்கலாம். தெருவே போர்வையும் மெத்தையுமாக ஓடிப்போய் வண்டிகளை மூடியது. நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் அவர்கள் பீரோவிலிருந்து எடுத்தார்கள். நீங்கள் நிமோனியாவில் நடுங்கிக்கொண்டிருந்த அம்மாவின் மேலிருந்து உருவினீர்கள். "ரெண்டே நிமிஷம் கிழவி, கண்ணாடி போச்சுன்னா கிடைக்காது" என்றீர்கள். மழை விட்ட பிறகும் வண்டியைத் துடைத்துக்கொண்டே நின்றீர்கள். அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "அவரத் திட்டாதடி, அது அவருக்குக் குழந்த மாதிரி." உங்கள் குழந்தை நான் பக்கத்திலேதான் நின்றிருந்தேன். அந்த வாரமே அம்மா போய்விட்டாள்.

அவளுடைய அந்தப் பழுப்புப் போர்வையை மட்டும் அனுப்புங்கள்.

நெலிதா


கொர்தோபா,
2 நவம்பர்

மகளே,

உன் நாக்கு அப்படியே உன் சித்தியின் நாக்கு. டாக்டர்களே கைவிட்ட உடம்பு அது. கொஞ்ச நேரம் போர்வை இல்லாததா கொன்றது? போகட்டும், கிழவனோடு சண்டை போடாதே.

கிளப் நண்பர் பாசிலியோ வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுவருகிறார். திருப்பி அனுப்பிவிடாதே. அது நம் ரத்தத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. நீ கேட்ட போர்வை டிக்கியில் இருக்கிறது. காலையில் எஞ்சின் சூடாகும்வரை வண்டியை எடுக்காதே.

அப்பா


ரொசாரியோ,
6 டிசம்பர்

அன்புள்ள அப்பா,

கோபத்தோடுதான் சாவியை வாங்கினேன். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அய்லெனை ஆற்றங்கரைக்கு ஓட்டிப் போனபோது தெருவெல்லாம் கையாட்டியது. "உனக்கு யாரும்மா ஓட்டக் கத்துக்குடுத்தா?" என்று கேட்டாள். "உன் தாத்தாடி" என்றேன். அவளுக்காக இன்னொரு சுற்று ஓட்டினேன்.

நேற்று சாயங்காலம் இங்கே ஆலங்கட்டி மழை. அய்லெனுக்கு நெருப்பாய்க் காய்ச்சல். வீட்டிலிருந்த போர்வையெல்லாம் அவள் மேல்தான், அம்மாவின் பழுப்புப் போர்வையும். எதிர்வீட்டுக்காரர் கதவை உடைக்காத குறை. "ஏம்மா, பைத்தியமா உனக்கு? டொரினோம்மா அது! ஒரு போர்வ எடுத்துட்டு ஓடியா!" நான் எழுந்திருக்கவில்லை. வண்டி அடி வாங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவளைக் கட்டிப் படுத்திருந்தேன். காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்கிறார்கள். பயமாயிருக்கிறது, அப்பா.

உங்களைப் பழிவாங்கவில்லை. காலையில் வண்டியைப் பார்த்தபோது எனக்கும் அழுகை வந்தது. கிறிஸ்துமஸுக்கு வாருங்கள். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். குழந்தை எப்படியிருக்கிறாள் என்று கேட்டு ஒரு வரி எழுதுங்கள், போதும். பழசையெல்லாம் நான் விட்டுவிடுகிறேன்.

உங்கள் நெலிதா


கொர்தோபா,
12 டிசம்பர்

நெலிதா,

முன்கண்ணாடி போயிற்றா? அதை முதலில் எழுது. அந்தக் கண்ணாடி இப்போது நாட்டிலேயே கிடைக்காது. நான் சொல்கிறவரை எந்தப் பட்டறைக்காரனையும் சுத்தியலோடு கிட்டே விடாதே.

டிக்கியில் போர்வை வைத்துத்தானே அனுப்பினேன். கைக்கெட்டும் தூரத்தில் போர்வை இருந்தும் இப்படிச் செய்துவிட்டாயே.

எவரிஸ்தோ