கசப்பு தெரியாத நாக்கு

அன்புத் தோழிக்கு,

கோயில் மண்டபத்துக்குப் பின்னால் நேற்று அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. மூடியைத் திறந்தேன். ஆவி முகத்தில் அடித்து மூக்குக்கண்ணாடி மங்கியது. வாசம் மட்டும் வரவில்லை. குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்தேன்; வெறும் வெந்நீர்ப் பானைக்கு முன்னால் நிற்பது போலிருந்தது. போன வாரக் காய்ச்சல் போய்விட்டதே என்று சந்தோஷப்பட்டிருந்தேன். போகிற போக்கில் என் மூக்கையும் கொண்டுபோயிருக்கிறது. அங்கேயே உன் ஞாபகம் வந்தது.

லாபு ஊருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் நாம் இரண்டு பேரும் இந்தச் சமையல் வகுப்பை ஆரம்பித்தபோது ஊரே சிரித்தது. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், அப்பா அம்மா வேலை முடிந்து திரும்பும்வரை பாக்கெட் மீ நூடுல்ஸும் சிவப்புச் சர்க்கரைச் சிராப்புத் தண்ணியுமாகக் கிடந்தார்கள். "இதுங்களுக்கும் நம்மள மாதிரி நாப்பதுல இனிப்பு நீர் வியாதி வரணுமா?" என்று கேட்டவள் நீ. பள்ளிக் கேன்டீனில் வருஷக்கணக்காக மீ கோரேங் வறுத்த உனக்கு அந்தக் கோபம் இருந்தது. வீட்டைச் சுற்றி முளைப்பதைக் கொண்டுவா, சமைப்போம் என்பது உன் சட்டம். முருங்கைக்கீரை வந்தது, வாழைப்பூ வந்தது. ஒருத்தன் லாலாங் புல்லைக் கட்டிக்கொண்டு வந்தான். "மாட்டுக்கு வகுப்பு வச்சா சொல்லி அனுப்புறேன்டா" என்றாய்.

மண்டபம் கோயிலுடையது. அதனால் வெள்ளிக்கிழமை என்ன சமைத்தாலும் முதலில் அம்மனுக்குப் படைக்க வேண்டும். படைக்கும்வரை உப்புக்கூடப் பார்க்கக் கூடாது. பிள்ளைகள் நாக்கைக் கடித்துக்கொண்டு கிளறுவார்கள். அப்படி ஒரு வெள்ளியன்று அண்ணன் தங்கை இரண்டு பேர் சாக்கு நிறைய மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்தார்கள். சீவி, ஆவியில் வேகவைத்து, தேங்காய்ப்பூ தூவி, படையல் இலையிலும் வைத்தாயிற்று. நீ சும்மா பேச்சுக்குத்தான் கேட்டாய்.

"எங்கடா தோண்டினீங்க?"

"பழைய லயத்துப் பின்னால ஆன்ட்டி. வேலி ஓரமா."

உன் முகம் வெளுத்துப்போனது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குத் தெரியும், வேலியோரம் கசப்புக் கிழங்குதான் நடுவார்கள். ஒரு தடவை கடித்த காட்டுப்பன்றி அந்தப் பக்கம் மறுபடி வராது. பார்க்க நல்ல கிழங்கு மாதிரியே இருக்கும். நாக்கில் பட்டால்தான் தெரியும். வெந்த பிறகும் கசந்தால் அது விஷம். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயம் காலியாகி எவ்வளவோ காலமாகிறது, இந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

படையல் இலையிலிருந்தே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாய். "எச்சில் படுத்துறியாமா!" என்று கோயில் தலைவர் கத்தினார். நீ தூவென்று துப்பினாய். "கசக்குது! யாரும் தொடாதீங்க!" நான் பாய்ந்துபோய்த் தட்டுகளைப் பிடுங்கினேன்.

தலைவருக்கு ஆறவில்லை. "சாமிக்கு வச்சதுல வாய் வச்சா, மண்டபத்த எப்படிமா குடுக்கிறது?"

"சாமி கோவிச்சா கால்ல விழுந்து கேட்டுக்கலாம் லா, தலைவரே. பிள்ளைங்க போனா யார் கால்ல விழறது?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த வாரத்திலிருந்து அம்மனுக்குப் பழமும் தேங்காயும் போயின. சமைத்தது பிள்ளைகளுக்கு, அதற்கு முன் உன் வாய்க்கு.

எல்லாரும் உன்னைத் தைரியசாலி என்றார்கள். பைப்படியில் நீ திரும்பத் திரும்ப வாய் கொப்பளித்ததைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். "உள்ளுக்குள்ள குளிருதுடி. நான் கேக்காம விட்டிருந்தா?" என்றாய். போன வருஷம் மாரடைப்பு உன்னைச் சிரம்பான் ஆஸ்பத்திரி வாசல்வரைகூட விடவில்லை; வழியிலேயே போய்விட்டாய். அந்தக் கேள்வி என்னிடம் வந்துவிட்டது. இப்போது ருசி பார்ப்பது நான்.

நேற்றும் ஒரு துண்டை வாயில் போட்டேன். மாவாகக் கரைந்தது, இனிப்பும் இல்லை, கசப்பும் இல்லை. பயந்துபோய் உப்பை எடுத்து நாக்கில் வைத்தேன். மணலை வைத்த மாதிரி இருந்தது. பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். கசக்கிறதா என்று பார்த்துச் சொல்லப் பெரியவர்கள் யாரும் இல்லை, எல்லாரும் நீலாய் டவுனில் வேலையில்; பூசாரி இருட்டித்தான் வருவார். கிழங்கு கொண்டுவந்த யாழினியைக் கேட்டேன். மாமா கொடுத்தாராம். மாமாவுக்கு எங்கே கிடைத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நான் டேஸ்ட் பண்ணிச் சொல்றேன் டீச்சர்," என்றாள் அவள். திரும்பிப் பார்ப்பதற்குள் கரண்டி அவள் உதட்டுக்குப் போய்விட்டது. ஓங்கித் தட்டிவிட்டேன். கரண்டி சிமென்டுத் தரையில் விழுந்த சத்தத்தில் அத்தனை பிள்ளைகளும் திரும்பினார்கள். அவள் அழுதாள்.

பானையைத் தூக்கிக்கொண்டு போய்ச் செம்பனை மரத்தோரம் குழி வெட்டி, கோழிகூடக் கிளற முடியாதபடி புதைத்தேன். பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுத்தேன். முறைத்துக்கொண்டே தின்றார்கள். அநேகமாக அது நல்ல கிழங்குதான். பசித்த பிள்ளைகளுக்கு முன்னால் வெந்த சாப்பாட்டை மண்ணில் கொட்டியது இன்னும் நெஞ்சை அறுக்கிறது.

மண்வெட்டியைக் கழுவும்போது யாழினி பக்கத்தில் வந்து நின்றாள். கண் இன்னும் சிவந்திருந்தது.

"கசந்திச்சா டீச்சர்?"

"தெரியல மா."

"தெரியாமயா கொட்டுனீங்க?"

"தெரியாததாலதான்."

அவள் நான் கை கழுவத் தண்ணீர் மொண்டு ஊற்றினாள்.

உன் வாய்த்துடுக்கு எனக்கு வரவில்லை, வரவும் வராது. உன் பயம்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டே அடுத்த வாரமும் அடுப்பு மூட்டுவேன். அது என்னை விட்டுப் போகிற அன்றைக்கு வகுப்பை மூடிவிடுவேன்.