ஐம்பது கிராம் குரல்

இன்று காலை என் மூத்த மகள் எந்தக் கேசட்டையோ போட, டேப் ரிக்கார்டரில் நாடா சிக்கிக்கொண்டது. பென்சிலை விட்டுச் சுற்றிச் சரிசெய்தேன். மேலே உன் கையெழுத்து: "அண்ணி, 50 கிராம்." அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த எனக்கு, அந்த வீட்டில் உன்னை விட்டால் பேச ஆள் ஏது? நம் நாட்டுக்காரர் ஒருவர் விண்வெளிக்குப் போய்வந்த வருஷம் அது. போகிறவர்கள் சொந்தச் சாமான் கொஞ்சம் கொண்டுபோகலாமாம் என்று பேப்பரில் படித்த நீ, நாமும் போவதாக முடிவு செய்தாய். ஆளுக்கு ஒரு கிலோ. முடிச்சூர் ரோடு மளிகைக்கடைத் தராசில் உன் சீப்பையும் என் குங்குமச் சிமிழையும் நிறுத்துப் பார்த்தாய். "இன்னாம்மா, ராக்கெட்டு எப்போ கெளம்புது?" என்றார் கடைக்காரர்.

நான் குன்றத்தூர் முருகன் விபூதியை எடுத்துவைத்தேன்.

"அண்ணி, அங்க விபூதி மிதக்கும். நெத்திக்கு வராது."

"மயில்ல பறக்கறவனுக்குத் தெரியாதாடி? அவன் பாத்துப்பான்."

உன் கிலோவில் கடைசி ஐம்பது கிராமை ஒரு கேசட்டுக்கு ஒதுக்கி, பெயரும் எழுதி ஒட்டினாய். அதில் என் குரல் வேண்டுமாம். பாட்டு இல்லை. தினமும் காலையில் உன்னைத் திட்டி எழுப்புவேனே, "எழுந்திருடி, ஏழு பத்து வண்டி உனக்காகத் தாம்பரத்துல நிக்குமா?" என்று, அது. பைத்தியம் என்று சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். கேசட் காலியாகவே கிடந்தது.

இரண்டு வருஷம் கழித்து உன் இதயத்தில் ஓட்டை என்றார்கள். ஆபரேஷனுக்கு நாளும் குறித்தார்கள். ஆஸ்பத்திரிப் பையில் என்ன வைக்கட்டும் என்று கேட்டேன்.

"கேசட், அண்ணி. இப்பவாவது திட்டுங்க."

அத்தனை பெரிய ஆபரேஷனுக்குப் போகிற பெண்ணுக்கு வசவையா கொடுத்தனுப்புவது? வாய் கூசியது. குளித்து, விளக்கேற்றி, முருகன் துதி பாடிப் பதிவு செய்தேன். கேட்டுவிட்டு, முகம் வாடாமல்தான் சொன்னாய்: "நல்லாப் பாடறீங்க. ஆனா இது எல்லார் வீட்டுலயும் இருக்கு அண்ணி."

மறுநாள் உன்னை உள்ளே கொண்டுபோனார்கள். உன் அண்ணன் பையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

முருகன்மேல் எனக்குக் குறையில்லை. அவன் பேரைச் சொல்லி உன்னை அனுப்பியது தப்பென்றும் சொல்ல மாட்டேன். ஆனால் நீ கேட்டது அதுவல்லவே. நீ என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

பிள்ளைகள் இப்போது எட்டு மணிவரை தூங்குகிறார்கள். எங்கம்மா திட்டவே மாட்டாங்க என்று வெளியில் பெருமை பேசுகிறார்கள். எனக்கு வாய்வரை வரும். உனக்குச் சேர வேண்டியதை இன்னொருவருக்கு எடுத்துக்கொடுக்க மனம் வருவதில்லை.