ஊதாமல் எழுதிய எண்கள்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கே சௌக்கியம், உன் சௌக்கியம் அறிய ஆவல் என்று வழக்கம்போல் ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், அம்மா பின்னால் நின்றுகொண்டு, முதல் வரியிலயே பொய்யா என்கிறாள். ஆகவே உண்மையை எழுதிவிடுகிறேன். நீ அனுப்பிவைத்த, ஊதி மூச்சை அளக்கும் ஆஸ்துமா கருவியில் காலையும் மாலையும் நானூறு ஊதுகிறேன் என்று ஒரு மாதமாகப் போனில் சொன்னேன் அல்லவா, முதல் இரண்டு நாள் மட்டும்தான் ஊதினேன். மீதியெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே அட்டவணையில் எழுதியது. முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக விசில் ஊதியவன் நான், என் விசிலுக்குப் பக்கத்துத் தெரு பஸ்ஸும் சேர்ந்து நிற்கும், அப்பேர்ப்பட்ட எனக்கு அந்த முள் இருநூற்று ஐம்பதைத் தாண்ட மாட்டேன் என்றது. கருவியில்தான் கோளாறு என்று அம்மாவை ஊதச் சொன்னேன். முந்நூற்றுத் தொண்ணூறு. என்னைத் திட்டித் திட்டியே வளர்த்த நுரையீரல், வேறென்ன வரும். அன்றோடு கருவியை அலமாரியில் ஏற்றிவிட்டேன்.

மாட்டிக்கொண்டது போன புதன்கிழமை. அட்டவணையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் எண் இருந்ததை அம்மா பார்த்துவிட்டாள். நாளன்னைக்கு விடப்போற மூச்சை இன்னைக்கே அளந்துட்டீங்களா என்று கேட்டு, என்னையும் அட்டவணையையும் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் பார்த்துவிட்டு, நானூறு, நானூத்திப்பத்து, மறுபடி நானூறு, இவ்வளவு ஒழுங்கா யாருக்கும் மூச்சு வராதுங்க என்றார். எதிரிலேயே ஊதவைத்தார், இருநூற்று நாற்பது. இந்த மூச்சோடு உன் ஊருக்குத் தூரப் பயணம் போயிருந்தால் பாதி வழியில் ஆபத்து என்று அவர் சொன்னபோது அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. தினமும் இழுக்க வேண்டிய இன்ஹேலர் எங்கே என்று கேட்டார். புதுத் துண்டுகளுக்குப் பின்னால் பிரிக்காமல் பத்திரமாக இருக்கிறது, நன்றாக இருக்கும்போது மருந்தை ஏன் வீணாக்க வேண்டும் என்றேன். நன்றாக இருப்பதற்குத்தான் அதைத் தினமும் இழுப்பது என்றார். சரி, திணறும்போது இழுக்கிற அந்த நீல இன்ஹேலரையாவது எப்படி இழுக்கிறீர்கள், காட்டுங்கள் என்றார். வாய்க்கு முன்னால் பிடித்து, புஸ்ஸென்று அழுத்திவிட்டு, நிதானமாக மூச்சை இழுத்துக் காட்டினேன். இத்தனை வருஷமா நீங்க நெஞ்சுக்கு வைத்தியம் பாக்கல, மீசைக்குத்தான் பாத்திருக்கீங்க என்று சொல்லிச் சிரித்தார். அம்மாவுக்கு வாய் சும்மா இருக்குமா, இப்போது எதிர்வீட்டு டெய்லர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், மீசைக்கு இப்ப திணறல் தேவலையா என்று விசாரிக்கிறார்.

நானூறைத் தொட்டால்தான் உன்னிடம் வரலாம் என்று நீ சொன்னாய். உன்னைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது, பார்க்க வேண்டும்போல் இருந்தது, அதனால்தான் பொய் எழுதினேன். டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களையெல்லாம் இறக்கிவிட்டவன், கடைசியில் நானே அப்படி ஏறப் பார்த்தேன். இப்போது டாக்டரம்மா கொடுத்த பிளாஸ்டிக் குழாயை இன்ஹேலரில் மாட்டி, வேளை தவறாமல் இழுத்து, வாய் கொப்பளிக்கிறேன். அம்மா செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரி பக்கத்திலேயே நிற்கிறாள். பயணத்தை இரண்டு மாதம் தள்ளிவை, நிஜமான மூச்சோடு வருகிறேன்.

இனி உன் விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை போனில் இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்திப் பேசினாய். என்ன என்று கேட்டதற்கு, ஒண்ணுமில்லப்பா, மாடிப்படி ஏறி வந்தேன் என்றாய். நீ குடியிருப்பது தரைத்தளம், ஜன்னலைத் திறந்தால் தெருவில் போகிறவர்களின் முகம்தான் நேராகத் தெரிகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். எந்த மாடிப்படியம்மா? அந்த நிறுத்தம் எனக்குத் தெரியும், அது என்னுடையது. மூக்கைக் கொடுத்ததுபோல் நெஞ்சையும் நான்தான் உனக்குக் கொடுத்தேன், அதை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. உன் இன்ஹேலரும் துண்டுக்குப் பின்னால்தான் இருக்கிறதா? நாளைக்கே டாக்டரைப் பார். அம்மா புது அட்டவணையில் இரண்டு பத்தி கோடு போட்டிருக்கிறாள், ஒன்று எனக்கு, இன்னொன்று உனக்கு. உன்னுடையது காலியாக இருக்கிறது.

நீ நீண்ட மூச்சோடு நன்றாக இருக்க வேண்டும். குளிர்காற்றில் போகும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள், நீல இன்ஹேலரைப் பையில் வைக்க மறக்காதே.

இப்படிக்கு,
இன்று காலை நிஜமாகவே 290 ஊதிய
உன் அப்பா

பின்குறிப்பு: நான் பக்கத்தில்தான் நின்றேன். 280. நீயாவது உள்ளதை உள்ளபடி எழுது. – அம்மா